மூன்று கடிதம் வந்திருக்கு, எதற்குப் பதிவது?

வாசகர் கேள்வி – பதில்: உயர்கல்வி

கேள்வி: மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினவள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்திலும் மென்பொருள் பொறியியலுக்கு இடம் தந்திருக்கிறார்கள். தாழங்குடா கல்வியியற் கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. அவளுக்குக் கொழும்பு ஆசை, அப்பாவுக்கு ஆசிரியத் தொழில்தான் நிச்சயம் என்ற எண்ணம். எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– உப்புவெளி வாசகி

பதில்: முதலில் மூன்று கடிதங்களிலும் உள்ள கடைசித் திகதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சொன்ன நாளுக்குள் இணையவழியில் பதியாவிட்டால் அந்த இடம் போய்விடும், காரணம் கேட்க மாட்டார்கள். தனியார் நிறுவனம் முற்பணம் கேட்கும். “இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் கழிவு” என்ற அழைப்புக்கு அவசரப்படவேண்டாம். அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள்.

அடுத்து, கடைசியில் கையில் வரப்போகும் சான்றிதழ். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப்புள்ளி (கிரெடிட்), மூன்று வருடம். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 திறமைப்புள்ளி, நான்கு வருடம். பின்னால் முதுமாணிக்குப் போக நினைப்பவளுக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆகவே வளாகத்தின் பீட அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தப் பாடநெறி மூன்று வருடமா நான்கா, நான்காம் வருடத்துக்கு எல்லோரும் போகலாமா, இல்லையென்றால் எந்தச் சராசரிப் புள்ளிக்கு மேல் எடுக்கிறார்கள். இதே கேள்விகளைக் கொழும்பிலும் கேளுங்கள்.

பணக் கணக்கு முதல் வருடத்தோடு நிற்கக்கூடாது. வளாகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் வளாகம் இருக்கும் கோணேசபுரிக்குப் போய்வரலாம், போர்டிங் செலவு மிச்சம். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அதுவும் கைக்குதவும். மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 7,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். கொழும்பில் கட்டணம் ஒரு பக்கம், இருப்பிடமும் சாப்பாடும் இன்னொரு பக்கம். மாதம் 35,000 என்று வைத்தாலும் 48 மாதத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் ரூபா, கட்டணத்துக்கு வெளியே. கணினிப் படிப்புக்கு மடிகணினி எங்கே படித்தாலும் வேண்டும், அதைக் கணக்கில் விடாதீர்கள். மறுபரீட்சைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். விளம்பரத் தாளில் இவை இருப்பது அபூர்வம்.

கொழும்புக்கு ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. மென்பொருள் கம்பனிகள் பெரும்பாலும் அங்கேதான், பயிலுநர் வேலை பிடிப்பது லேசு. ஆனால் ஆறு மாதப் பயிற்சிக்கு மட்டும் கொழும்பில் தங்குவதற்கும் நான்கு வருடம் தங்குவதற்கும் செலவு வேறு. வளாகத்துப் பிள்ளை இங்கிருந்தபடியே இரண்டாம் வருடத்திலிருந்து சொந்தமாகச் செயலிகள் எழுதி இணையத்தில் போட்டுவைத்தால், நேர்முகத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆங்கிலத்தையும் இப்போதே தேற்றவேண்டும். தமிழில் உயர்தரம் எழுதினவர்கள் முதல் தவணையில் தடுமாறுவது பாடத்தில் அல்ல, ஆங்கில விரிவுரையில்.

கல்வியியற் கல்லூரி இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. நியமனம் வெற்றிடம் உள்ள இடத்துக்குத்தான், வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலை என்ற உத்தரவாதம் கிடையாது. கற்பிக்க விருப்பமுள்ள பிள்ளைக்கு நல்ல வழி. நிச்சயத்துக்காக மட்டும் அனுப்பினால் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுக்க இன்னும் சில வருடம் போகும்.

இந்த நிலையில் எங்கள் கை வளாகத்தைத்தான் காட்டும். நான்காம் வருடத்துக்கு வழி இல்லையென்று பீடம் சொன்னால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: வைத்தியபீடம் இரண்டு தடவையும் தவறிவிட்டது. இப்போது சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. பதிந்துவிட்டு மூன்றாம் தடவையும் எழுதலாமா?
– மூதூர் மாணவர்

பதில்: தம்பி, அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவராகப் பதிந்தவர் இன்னொரு பாடநெறிக்கு விண்ணப்பிக்க விதி இடங்கொடாது. பதிவை நீக்குவதற்கான நிபந்தனை ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. கையெழுத்திட முன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். மூன்று தடவைக்கு மேல் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் போகவும் முடியாது, ஆகவே உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தடவை.

உங்கள் இசட் புள்ளியைத் திருகோணமலை மாவட்டத்தின் கடந்த மூன்று வருட வைத்தியபீட வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிடுங்கள், ஒரு வருடத்தோடு மட்டும் அல்ல. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் எங்கள் மாவட்டமும் அடங்கும் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இசட் புள்ளி அந்தந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களோடு ஒப்பிட்டு வருவது. அதனால் போனமுறை எடுத்த அதே மார்க்ஸ் இந்த முறை அதே புள்ளியைத் தராது. இரண்டாம் தடவையில் புள்ளி ஏறியதா, நின்றதா? நின்றிருந்தால் மூன்றாவதில் பாய்ச்சல் வருவது அரிது.

சித்த மருத்துவம் ஐந்து வருடமும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போகிற படி என்று நினைத்து மட்டும் சேராதீர்கள், இரண்டும் வேறு வழி.

கேள்வி: நகரத்தில் ஒரு முகவர், “மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த வெளிநாட்டுப் பட்டம்” என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?
– கிண்ணியா தகப்பனார்

பதில்: பட்டத்தைத் தருவது யார் என்று கேளுங்கள், வகுப்பு நடத்துவது யார் என்றல்ல. உள்ளூர்த் தனியார் நிறுவனமே பட்டம் தருவதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவில் அனுமதி இருக்கவேண்டும். அந்த அனுமதி பட்டம் பட்டமாகக் கொடுக்கப்படுவது. ஒரு பட்டத்துக்கு இருந்தால் மற்றதுக்கும் இருக்கும் என்றில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அதன் பெயர் உண்டா என்று பாருங்கள். ஆணைக்குழு இவற்றை வைத்துத்தான் ஏற்கிறது. இறுதி வருடக் கட்டணம் பவுணிலா ரூபாவிலா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். 2022 இல் ரூபா சரிந்தபோது பவுணில் கட்டவேண்டியிருந்த குடும்பங்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டன. முகவரிடம் மூலச் சான்றிதழ்களைக் கொடுக்கவேண்டாம், உறுதிப்படுத்திய பிரதி போதும்.