போனை எடுக்காத சோலார்காரர்

கேள்வி: 'பிரதமர் திட்டம், இனி கரண்ட் பில்லே வராது' என்று சொல்லி மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார்கள். வங்கிக் கடன் வாங்கி முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதமாக, நாம் வெளியே அனுப்பும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரும் இல்லை, மானியமும் இல்லை. பில் மட்டும் தவறாமல் வருகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. எல்லாம் என் தலையெழுத்தா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தலையெழுத்து என்று நீங்கள் சும்மா இருந்தால் அந்தச் சோலார்காரருக்குக் கொண்டாட்டம்தான்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தது தப்பு. ஆனால் உங்களைத் திட்ட மனம் வரவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்த 'பி.எம். சூர்ய கர்: முஃப்த் பிஜிலி யோஜனா' திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' (முஃப்த் பிஜிலி) இருக்கிறது. பெயரை இப்படி வைத்துவிட்டு, முன்பணம் எவ்வளவு, பாக்கி எப்போது என்பதெல்லாம் நீங்களும் அவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. வீடு வீடாக விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் இரண்டு குறையும் உண்மையில் ஒன்றுதான். 3 கிலோவாட்டுக்கான 78,000 ரூபாய் மானியம், நெட் மீட்டர் பொருத்தி, அதிகாரிகள் பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எனவே முதலில் ஈ.பி. ஆபீசுக்குப் போய், உங்கள் மின் இணைப்பு எண்ணில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவே ஆகாமல், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை ஈ.பி. லைனில் இணைத்திருந்தால் அது முறைகேடு. நஷ்டமும் உங்களுக்குத்தான்: பகலில் மிஞ்சி வெளியே போகும் மின்சாரம் உங்கள் கணக்கில் ஏறாது. சில மீட்டர்கள் வெளியே போவதையும் நீங்கள் செலவழித்ததாகவே கூட்டிவிடும். சோலார் போட்ட பிறகு பில் ஏறியிருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் மாடிக்குப் போய், பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். கம்பெனி பெயர், வாட், சீரியல் நம்பர் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்தவை என்றால்தான் மானியம். மலிவான இறக்குமதிச் சரக்கை மாட்டியிருந்தால் மீட்டர் வந்தாலும் மானியம் வராது. (25 வருஷ வாரன்டி என்பார்கள். அது பேனல் செய்த கம்பெனி தருவது. மாட்டிவிட்டுப் போனவர் தருவது அல்ல.)

இனி போன் வேண்டாம். என்ன வேலை பாக்கி, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அவருக்கு எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திட்டத்தின் இணையதளத்திலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் ஆபீஸ் கோவையில் இருந்தாலும் நீங்கள் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம், நஷ்டஈடு, செலவு மூன்றையும் கேளுங்கள். தீர்ப்பு வர இழுக்கும்தான். வந்த பிறகும் அவர் மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைகூடக் கிடைக்கலாம்.

கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள், வங்கிக்கு உங்கள் கடன்தான் தெரியும், அவர் மோசடி தெரியாது. புகாரின் நகலை மேனேஜருக்கும் கொடுத்து வையுங்கள்.

சரி, வாங்கிய பணத்துக்கு அவர் பில் கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் அதுவும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். புகாரில் அதையும் ஒரு வரி சேருங்கள்.