ஆட்டுச் சந்தையும் திப்புவின் கூடாரமும்

கேள்வி: வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கும் வெல்ஷ்பூல் என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். அங்குள்ள போவிஸ் கோட்டை நம் ஆற்காட்டுப் புகழ் ராபர்ட் கிளைவ் வாழ்ந்த வீடாமே? மற்றபடி ஆட்டுச் சந்தையும் தோட்டமும்தான் விசேஷம் என்றார் கூட வந்தவர். அவ்வளவுதானா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ராபர்ட் கிளைவ் அங்கே குடியிருந்ததே இல்லை. அவர் செத்தது 1774-இல். பத்து வருஷம் கழித்து, 1784-இல்தான் அவர் மகன் எட்வர்ட் அந்தக் கோட்டைக்கார ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண் ஹென்றியட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் வீட்டில் பழம்பெருமையும் கடனும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டில் நம் நாட்டுப் பணம் இருந்தது. ஜாதகம் பொருந்தக் கேட்பானேன்!

சந்தையைக் குறை சொல்லவில்லை. ஐரோப்பாவிலேயே பெரிய ஆட்டுச் சந்தைகளுள் ஒன்று அது. கோட்டையும் ஆதியில் வேல்ஸ் சிற்றரசர்கள் கட்டியது. ஆனால் திருச்சிக்காரரான நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஆள் எட்வர்ட்.

1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர் அவர்தான். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்ததும், அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும், 1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியைக் கம்பெனி வாங்கிக்கொண்டதும், அதே வருஷம் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டதும் இவர் நாற்காலியில் இருந்தபோதுதான். பெரிய முடிவெல்லாம் மேலே இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியுடையது, இவர் தலையாட்டியவர் என்று சொல்வதுண்டு. சரி, தலையாட்டியதற்கும் கூலி கிடைத்தது. 1804-இல் போவிஸ் பிரபு பட்டம் வந்தது.

ஹென்றியட்டா அம்மாள் சும்மா இருந்தவர் இல்லை. 1800-இல் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு யானை, ஒட்டகம், பரிவாரம் சகிதம் மைசூர், உங்கள் திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். செடி, கல், கைவினைப் பொருள் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். சின்னப் பெண் சார்லட் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. பெண்களோடு போன இத்தாலிய ஓவியை அன்னா டொனெல்லி வரைந்த திப்புவின் படமும் இருக்கிறது.

அப்புறம் அந்தக் கூடாரம். திப்புவுடையது. வெள்ளைப் பருத்தித் துணியில் வரிசை வரிசையாகப் பூச்சாடிகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பூக்கள், பச்சை இலைகள். கிளைவ் வாரிசுகள் அதைத் தோட்டத்து விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்கள்! இன்று அது கோட்டைக்குள் இருக்கிறது. திப்புவின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த புலித்தலை ஒன்றும் அங்கேதான்: தங்கத் தகடு போர்த்தி, மணிகள் பதித்தது. இந்தியாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் போன ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களில் இவை இரண்டு. நீங்கள் தோட்டத்தோடு திரும்பிவிட்டீர்கள் போலிருக்கிறது.

கிளைவ் பெயர் ஏன் கண்ணில் படவில்லை என்றால், எட்வர்டின் மகன் 1807-இல் அதை விட்டுவிட்டுத் தாய்மாமன் வழி ஹெர்பர்ட் பெயரை வைத்துக்கொண்டார். சொத்துக்கு அது நிபந்தனை.

1952 முதல் கோட்டை, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் வசம். 2020-இல் அந்த அமைப்பு, தன் வீடுகளில் எவை காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்புள்ளவை என்று அறிக்கை போட்டது. போவிஸும் அதில் இருந்தது. அன்றைய ஆளுங்கட்சி எம்.பி.க்கள் பலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டையும் தோட்டத்தையும் மட்டும் காட்டிய உங்கள் நண்பர் எந்தக் கட்சியோ?