சால்மனில் பாதி யாருக்கு?

கேள்வி: சியாட்டில் அருகே வசிக்கிறோம். கோடையில் பியூஜெட் சவுண்ட் கடலில் தூண்டில் போட்டு சால்மன் பிடிப்பது எங்கள் குடும்ப வழக்கம். உரிமக் கட்டணம் செலுத்தியும் எங்கள் பருவம் விரைவில் மூடப்படுகிறது. பழங்குடியினரோ வலை விரிக்கிறார்கள். மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரான அவர்களுக்குப் பாதி மீன் என்பது நியாயமா?
— வாசகர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: பாதிப் பங்கை அரசு இரங்கி அளித்த சலுகையாகக் கருதினால் இந்த மனக்குறை இயல்பானதே. ஆனால் 1854, 1855ஆம் ஆண்டுகளில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் நிஸ்குவாலி, லம்மி, மக்கா முதலிய குடிகள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமாக மீன்பிடித்து வந்த இடங்களில் மற்றக் குடிமக்களுடன் பொதுவாக மீன்பிடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். இரு அரசுகளுக்கு இடையிலான அந்த உடன்படிக்கையில் தலைக்கணக்கு அளவுகோல் ஆகாது. மாநில அரசு அதைப் பல பத்தாண்டுகள் மதிக்கவில்லை. நிஸ்குவாலி ஆற்றில் மீன் பிடித்ததற்காக நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி ஃப்ராங்க் 1945இல், 14 வயதில், முதன்முறை கைதானார், பின்னர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், 'பொதுவாக' என்பதற்குச் சமபங்கு என்றே பொருள் கொண்டு தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று, பாதி என்பதை உச்சவரம்பாக வைத்தது.

அந்தப் பாதியும் கடலிலுள்ள எல்லா மீன்களிலும் அல்ல. முட்டையிட ஆற்றுக்குத் திரும்ப வேண்டியவற்றை ஒதுக்கியபின் எஞ்சுவதில் மட்டுமே. மறுபாதியைப் பழங்குடியல்லாத வணிக மீனவர்களும் நீங்களும் பகிர்ந்துகொள்கிறீர்கள்.

உங்கள் பருவம் சுருங்குவதற்கு முதன்மைக் காரணம் வேறு. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999 முதல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் இருக்கிறது. கடலில் பல ஆறுகளின் மீன்கள் கலந்தே திரிவதால், நலிந்த ஓர் ஆற்றின் மீனுக்கான வரம்பு எட்டப்பட்டதும், பொரிப்பகங்களில் வளர்த்து விடப்பட்ட மீன்கள் ஏராளமாக இருந்தாலும், பிடிப்பை நிறுத்த நேர்கிறது. பொரிப்பக மீன்களுக்கு அடையாளமாக வெட்டப்படும், வாலுக்கு முன்னுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாத சினூக்கை விட்டுவிடச் சொல்வதும் இதனால்தான்; விடுவித்த மீன்களில் ஒரு பகுதி இறந்துவிடும் என்பதால் அந்த இழப்பும் உங்கள் கணக்கில் சேர்கிறது. பழங்குடியினரும் தம் பிடிப்பைக் குறைத்தே வருகிறார்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. சால்மன் பருவங்களை வகுக்க ஆண்டுதோறும் இளவேனிலில் நடக்கும் 'நார்த் ஆஃப் ஃபால்கன்' பேச்சுகளில் பொதுக்கூட்டங்கள் இருந்தாலும், மாநிலமும் பழங்குடி அரசுகளும் முடிவெடுக்கும் அமர்வுகள் மூடியவை. கோஹோ என்ற மற்றொரு சால்மன் வகையின் வரத்து மிகக் குறையும் என்ற மதிப்பீட்டால் 2016இல் உடன்பாடு தாமதமாகி, மே மாதம் பல நீர்நிலைகளில் பிடிப்பு நின்றபோது, தூண்டில்காரர்களுக்குக் காரணம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

கேள்வி: பழங்குடியினரின் வழக்குகளால் எங்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?
— அதே வாசகர்

பதில்: உண்டு. சாலைகளுக்கு அடியில் மீன் மேலேறிச் செல்ல முடியாதபடி அமைந்த குழாய்ப்பாலங்களை மாநிலம் சீர்செய்ய வேண்டும் என்று 2001இல் அவர்கள் தொடுத்த வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் 4–4 எனப் பிரிந்ததால், கீழ்நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாகவே நிலைத்தது. அந்த ஓடைகள் திறக்கும்போது பெருகும் மீனில் பாதி உங்கள் பக்கத்துக்கு உரியது.