மைக் இல்லாத மாண்டலின் குழுவில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும்: கேள்வி பதில்

திருமங்கலம்: பத்து மாண்டலின், இரண்டு மாண்டோலா (மாண்டலினைவிடப் பெருசு, சுருதி தாழ்ந்தது), இரண்டு கிட்டார், ஒரு டபுள் பாஸ் இருக்கு. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சேர்த்தா மைக் இல்லாம எடுபடுமா அண்ணே?

எடுபடும் தம்பி. ஆனால் "மெதுவா ஊதுங்க" என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, நோட்டு (இசைக்குறிப்பு) எழுதும்போதே அளவு அமைய வேண்டும். மேற்கத்தியப் புல்லாங்குழலுக்குக் கீழ் ஸ்தாயி மெலிவு. அங்கே மெட்டைக் கொடுத்து, பத்துப் பேரும் டிரெமலோ (ஒரே சுரத்தை விடாமல் வேகமாக மீட்டுவது) போட்டால் குழல் கேட்காது. இரண்டு மாண்டலின் மட்டும் போதும். இல்லையென்றால் மெட்டை ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். கிளாரினெட் கீழே சன்னமாக ஊதினால் மாண்டோலாவோடு இழைந்துவிடும். உச்சத்தில் குழுவையே மூடிவிடும். டிரெமலோவுக்கு மூச்சு வேண்டாம், ஊதுபவருக்கு வேண்டும். அந்த இடைவெளியை நோட்டிலேயே எழுதுங்கள்.

மேலூர்: ஒத்திகையில் சேர்ந்த சுருதி, மே மாத மேடையில் பிசகுகிறதே?

வெயில்தான் காரணம். ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. அதனால் ஊதுகருவியின் சுருதி ஏறும்; மாண்டலின் கம்பியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். கருவிகளை அரை மணி முன்பே மேடையில் வையுங்கள். ஊதுபவர்கள் பத்து நிமிடம் ஊதிய பிறகே சுருதி பாருங்கள். கிளாரினெட்டில் ஊதுவாய்க்கு அடுத்த சிறு துண்டை (பேரல்) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுக்கலாம். அதிகம் இழுத்தால் சுரங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. மிச்சத்துக்கு மாண்டலின்கள்தான் ஏறி வர வேண்டும். ஒரே துண்டான மூங்கில் குழலில் இழுக்கவே வழியில்லை, அதனால் முழுக் குழுவும் அதற்கே சேர வேண்டும்.

அண்ணா நகர்: டி மேஜர் பாட்டு. பி பிளாட் கிளாரினெட்காரர் திணறுகிறார்.

அவர் கருவி எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிக்கும், அதனால் அவருக்கு அது இ மேஜர், நான்கு ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றும் குறி). இன்னும் அரைச்சுரம் தாழ்ந்த ஏ கிளாரினெட் கிடைத்தால் எஃப் மேஜர், ஒரே பிளாட் (அரைச்சுரம் இறக்கும் குறி). கிடைக்காவிட்டால் பாட்டை ஜி-க்கு மாற்றுங்கள். அவருக்கு மூன்று ஷார்ப்தான், மாண்டலினுக்கும் ஓப்பன் ஸ்ட்ரிங் (விரல் வைக்காமல் மீட்டும் கம்பி) நன்றாகப் பேசும்.

சோழவந்தான்: நாதஸ்வரம் சேர்க்கலாமா ஐயா?

ஒன்றாக வாசிக்க வேண்டாம். அது திறந்தவெளிக்கான வாத்தியம். கூடத்துக்குள் மாண்டலின் எத்தனை இருந்தாலும் ஈடுகொடுக்காது. நாதஸ்வரம் ஒரு வரி, அது அடங்கியதும் குழு மறு வரி என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம்.

தெப்பக்குளம்: கல்யாண மண்டபத்தில் எப்படி உட்கார்வது?

மாண்டலின்கள் முன்வரிசையில், ஒலித்துளை சபையைப் பார்த்து. ஊதுகருவிகள் பின்னால். மேடைத் திரைச்சீலை மாண்டலினின் மேல் ஒலியை விழுங்கும். அதற்கு முன்னால் வந்து உட்காருங்கள். மேடைக்கு அருகே ஓடும் மின்விசிறிகளை வாசிக்கும் நேரத்தில் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். சத்தம் போதவில்லை என்று முதுகு குடம் போன்ற பழைய மாண்டலினில் தடித்த கம்பி மாட்டாதீர்கள், கழுத்து வளைந்துவிடும்.