ஐந்து பேர் ஆடுவார்கள், நாலு பேர் கணக்குதான் சேரும்

நீ கேட்டது இது: ஆகஸ்டில் ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போகிறாய். கொடைக்கானல் போர்டிங் பள்ளியில் பழகிய கோல்ஃபை வைத்து அங்கே அணியிலும் இடம் கிடைத்துவிட்டது. படித்து முடித்துக் கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது உன் ஆசை. உன்னைப் பெற்ற அப்பச்சியோ, "டீச்சர் ஆகிறதுக்குக் காரைக்குடியிலேயே பி.எட். இருக்கு. பந்தடிக்கிறதுக்கும் பாடம் நடத்துறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார். உங்கள் மகள் அங்கே கோல்ஃப் ஆடி டீச்சர் ஆனவள்தானே அத்தை, நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு சாந்திக் கல்யாணத்துக்காகப் பள்ளத்தூர் வந்திருக்கிறேன். வீடு முழுக்க ஆள். எல்லாரும் பகல் தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

அப்பச்சி சொல்வதில் பாதி நியாயம். அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, டீச்சர் படிப்புக்கு அமெரிக்காதான் வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. சம்பந்தம் என்ன என்ற இன்னொரு பாதிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பணம். உறவுக்காரர்கள் எல்லாரும் நீ "கோல்ஃப் ஸ்காலர்ஷிப்பில்" போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். கல்லூரி விளையாட்டை அங்கே டிவிஷன் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள், நீ சேரும் கல்லூரி டிவிஷன் 3. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, விதியே அப்படி. உனக்குக் கொடுத்திருப்பது மதிப்பெண்ணுக்கும் குடும்ப நிலைமைக்கும். இதை யாராவது குறைவாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. டிவிஷன் 1, 2-ல் பணம் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆட்டம் விட்டுப்போனால் பணமும் ஆட்டம் காணும். உனக்கு நாளைக்கு முதுகு பிடித்துக்கொண்டு அணியை விட்டாலும், அந்தக் காரணத்துக்காகப் படிப்புப் பணத்தில் கை வைக்க மாட்டார்கள். டீச்சர் ஆக நினைக்கிற பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

நேரம் போகத்தான் செய்யும். கல்லூரி கோல்ஃபுக்கு இரண்டு சீசன், இலையுதிர் காலத்தில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று. ஒஹையோவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரும் பனியுமாக இருக்கும், கூரைக்கடியில் வலையைப் பார்த்து அடிப்பார்கள். மார்ச்சில் வசந்த விடுமுறைக்கு அணியைத் தெற்கே வெயிலுக்கு அழைத்துப்போவார்கள். பெரிய டிவிஷன்களில் ஒரே நாளில் 36 குழி ஆடுவது சாதாரணம். உங்களுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமை 18, ஞாயிற்றுக்கிழமை 18. பதினெட்டு என்றாலே நாலரை, ஐந்து மணி நேர நடை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டோ தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டோ. வெள்ளிக்கிழமை மதியமே வேன் கிளம்பிவிடும், அன்றைய வகுப்பு போகும். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே எந்தெந்தத் தேதி வர முடியாது என்று பேராசிரியர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடு. கோச் கொடுக்கும் கடிதம் வேறு, நீயே போய்ச் சொல்வது வேறு. பெரியவர்கள் முன்னால் கைகட்டி நின்று பழகிய நம் பிள்ளைகளுக்கு இது முதலில் வராது. என் மகளுக்கும் வரவில்லை. பிறகு வந்தது, இன்று பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தைரியம்தான் அவளுக்குக் கைகொடுக்கிறது.

சரி, நான் சொல்ல நினைத்தது இனிமேல்தான்.

அணியில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பீர்கள். போட்டிக்கு ஐந்து பேர் போவார்கள். யார் அந்த ஐந்து என்பதற்கு உங்களுக்குள்ளேயே தகுதிச் சுற்று நடக்கும், உன் அறைத்தோழியைத்தான் நீ ஜெயிக்க வேண்டியிருக்கும். அப்படிப் போகிற ஐந்து பேரில் நாலு பேருடைய ஸ்கோர்தான் அணிக்குச் சேரும். ஐந்தில் மோசமானதை, அதாவது அடி அதிகமானதைத் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படித்தான். அதனால் இன்று தள்ளப்பட்டவள் நாளைக்கு அணியைத் தூக்கி நிறுத்தலாம், அணியின் முதல் ஆட்டக்காரி அடித்த ஸ்கோரே ஒருநாள் குப்பைக்குப் போகலாம். ஆடிக்கொண்டிருக்கும்போது யாருடையது போகும் என்று தெரியாது. எல்லாரும் கடைசிக் குழி வரை ஆடித்தான் ஆக வேண்டும். யாராவது ஒருத்தி முடியவில்லை என்று விட்டுவிட்டாலோ தகுதி நீக்கம் ஆனாலோ, மீதி நாலு பேரில் ஒருத்தி சொதப்பினாலும் தள்ளுவதற்கு வழியில்லை, அத்தனையும் கணக்கில் ஏறும்.

என் மகள் அதிகமும் அந்த ஐந்தாவது ஆள்தான். மழையில் நனைந்து, விரல் விறைத்து, நாள் முழுக்க நடந்து முடித்த பிறகு பலகையில் அவள் எண்ணின் மேல் ஒரு கோடு. மற்ற நாலு பேரோடு நின்று அவளும் கைதட்ட வேண்டும். அம்மாவாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதில்லை. எந்தப் பெரிய கோப்பையும் அவள் வாங்கவில்லை. ஆனால் அவள் டீச்சர் ஆனதற்கு விதை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

இப்போது ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். அமெரிக்கப் பள்ளிகளில் பல டீச்சர்கள் சின்னத் தேர்வுகளில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு மற்றதைக் கூட்டுவார்கள். அவளும் செய்கிறாள். கழித்த பிறகு அந்தத் தாளை மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். இவள் அதைத்தான் முதலில் எடுத்து, எந்த வரியில் தடம் மாறியது என்று பென்சிலால் குறித்துக் கொடுக்கிறாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "கணக்கில் சேரலைன்னா அந்தப் பிள்ளை ஆடவே இல்லைன்னு அர்த்தமாம்மா?" என்றாள். பி.எட். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பாள், அவ்வளவுதான். கோடு விழுந்தவளுக்குத்தான் இது தானாக வரும்.

கோல்ஃப் ஆடினாலே குணம் வந்துவிடும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதே. மட்டையைத் தூக்கி எறிகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், எதிராளியின் பந்து தண்ணீரில் விழுந்தால் உள்ளுக்குள் சிரிக்கிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் சந்தர்ப்பத்தைக் கொடுக்கும், எடுத்துக்கொள்வது உன் பாடு. கிரிக்கெட்டைப் போல ஒவ்வொரு பந்துக்கும் அம்பயர் பக்கத்தில் நிற்பதில்லை. மரத்தடியில், யாரும் பார்க்காத இடத்தில், நீ மட்டையை வைக்கும்போது பந்து அசைந்தால் நீயேதான் சொல்ல வேண்டும். 1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் அப்படித்தான் தன் பந்து அசைந்தது என்று தானே சொல்லி ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, அபராதம் வாங்கிக்கொண்டார். கடைசியில் சமநிலை வந்து, அதைத் தீர்க்க ஆடிய பிளேஆஃபில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். அந்த ஒன்று இல்லாவிட்டால் கோப்பை அவருக்கு.

ஸ்கோர் கார்டு விஷயம் இன்னும் கடுமை. உன் ஸ்கோரைக் கூட ஆடுகிறவள் எழுதுவாள், நீ சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவாக எழுதியதில் கையெழுத்துப் போட்டால் தகுதி நீக்கம். அதிகமாக எழுதியதில் போட்டால் அந்த அதிகமே நிற்கும். 1968-ல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில் அடித்தது 3. கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார், இவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைய மொத்தம் 65 என்பது 66 ஆகி, பிளேஆஃப் வாய்ப்பே போய்விட்டது.

இதை உன் அப்பச்சியிடம் அவர் பாஷையில் சொல். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகப் போய், உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தது எதை நம்பி? முதலாளி கடலுக்கு இந்தப் பக்கம், கிட்டங்கி என்ற வியாபாரக் கடை அந்தப் பக்கம். பேரேட்டில் கை வைக்க ஆயிரம் வழி இருந்தும் வைக்காதவன்தான் மேலே வந்தான். யாரும் பார்க்காத மரத்தடியில் நின்று உங்கள் மகள் எழுதப் போவதும் அந்த மாதிரிக் கணக்குதான் என்று சொன்னால், சம்பந்தம் என்ன என்று மறுபடி கேட்க மாட்டார்.

அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கவும் வழி இருக்கும். ஃபர்ஸ்ட் டீ என்று 1997-ல் தொடங்கிய அமைப்பு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்குக் கோல்ஃபோடு நடத்தையையும் சேர்த்துக் கற்றுத் தருகிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் அங்கே போய் உதவலாம். ஏழு வயசுப் பிள்ளைக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துப் பார், உனக்குப் பொறுமை எவ்வளவு என்று அரை மணியில் தெரிந்துவிடும். அப்புறம், அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டுக் கோச் பெரும்பாலும் அதே பள்ளி ஆசிரியர்தான், அதற்குத் தனியாக ஒரு தொகை தருவார்கள். கணக்கு டீச்சர், கோல்ஃப் கோச் இரண்டும் ஒரே ஆளாக இருப்பது அங்கே யாருக்கும் வேடிக்கையில்லை. என் மகளும் அப்படித்தான்.

ஒரு முடிச்சு இருக்கிறது. ஆசிரியர் உரிமம் வாங்க ஒரு செமஸ்டர் முழுக்கப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருக்க வேண்டும், காலையிலிருந்து மாலை வரை. அதை வசந்தத்தில் வைத்தால் முக்கியமான சீசன் போகும். முதல் வருஷமே கல்வித் துறை ஆலோசகரையும் கோச்சையும் ஒரே வாரத்தில் பார்த்து, கடைசி வருஷத்து இலையுதிர் காலத்துக்கு அதைத் தள்ள முடியுமா என்று கேள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதே.

விசா விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். என் மகள் அங்கே பிறந்தவள், உனக்கு அந்த வசதி இல்லை. எஃப்-1 மாணவர் விசாவில் ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடம் எடுத்தாக வேண்டும். போட்டி அதிகம் என்று அதற்குக் கீழே போகாதே. படித்த பிறகு அங்கே வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். கணிதத்தையே மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்து, உரிமத்துக்கான பாடங்களைச் சேர்த்துப் படித்தால், அறிவியல், கணிதம் போன்றவை படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பாக இன்னும் 24 மாதம் கேட்கலாம், வேலை தருகிற பள்ளி இ-வெரிஃபை என்ற அரசுச் சரிபார்ப்பு முறையில் இருந்தால். வெறும் கல்வியியல் மேஜருக்குப் பொதுவாக அது கிடைக்காது. அதற்கு அப்புறம் எச்-1பி என்ற வேலை விசா. பல்கலைக்கழகங்களுக்குக் குலுக்கல் இல்லை, ஆனால் அரசுப் பள்ளிகள் பொதுவாகக் குலுக்கலில்தான் வரும், பல பள்ளிகள் விண்ணப்பிக்கவே முன்வராது. அதனால் மேஜரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிடு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, என் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. திரும்பி வந்து இங்கே பாடம் நடத்துவதும் ஒரு வழிதான். ஆனால் நம் ஊர் அரசுப் பள்ளிக்கு பி.எட்.டும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் கேட்பார்கள், அதையும் மனசில் வைத்துக்கொள்.

அணியில் நம் நிறத்துப் பெண் நீ ஒருத்தியாக இருக்கலாம். சிலர் சின்ன வயசிலிருந்தே தனிக் கோச் வைத்துப் பழகியிருப்பார்கள், அப்பாவுக்குக் கிளப்பில் உறுப்பினர் அட்டை இருக்கும். முதல் மாதம் கூச்சமாக இருக்கும். குழி முடிந்ததும் மணலைச் சமன் செய்துவிட்டு, புல்லில் விழுந்த தழும்பைச் சரிசெய்துவிட்டு, தாமதிக்காமல் நடக்கிறவளை அணி சீக்கிரம் சேர்த்துக்கொள்ளும். போன இடத்தில் எல்லாரும் பர்கர் வாங்குவார்கள். நீ சைவம் என்றால் கோச்சிடம் முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடு, பட்டினி கிடந்து பதினெட்டுக் குழி நடக்க முடியாது.

ஆயா செய்து தருகிற மணகோலமும் தேன்குழலும் தாராளமாகக் கொண்டுபோகலாம், டப்பாவில் போட்டு உடையாமல் கட்டு. பன்னிரண்டாவது குழியில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்ள அதைவிட நல்லது எதுவும் இல்லை. உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம், விமான நிலையத்தில் இறைச்சியைப் பிடுங்கிவிடுவார்கள். கையிலிருக்கும் பழைய மட்டைகளையே எடுத்துப்போ, இங்கே புதிது வாங்கி அப்பச்சி செலவழிக்க வேண்டியதில்லை. மழைக் கையுறை மட்டும் இரண்டு ஜோடி அங்கே போய் வாங்கிக்கொள். கிளம்பும் முன் ஒருநாள் பள்ளத்தூர் வா, மகளைப் போனில் பிடித்துத் தருகிறேன்.