22 வயது மகனை வரிக் கணக்கில் சேர்க்கலாமா?

தம்பி, கிரீன் கார்டில் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மகனுக்கு 22 வயது, ஆட்டிசம் என்று எழுதியிருந்தீர்கள். 19 வயது தாண்டிய பிள்ளையை டிபெண்டென்டாக (உங்களைச் சார்ந்து வாழ்பவராக) வரிக் கணக்கில் காட்ட முடியாது என்று உங்களுடன் வேலை செய்பவர் சொன்னாராம், உண்மையா என்று கேட்கிறீர்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் சரி. 19 வயதுக்குள் இருக்க வேண்டும், முழுநேரம் படித்தால் 24க்குள். உடல்நிலை அல்லது மனநிலை காரணமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. என் மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் எங்கள் ரிட்டர்னில்தான் இருக்கிறாள். பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு வசிக்க வேண்டும், தன் செலவில் பாதிக்கு மேல் அவனே பார்த்துக்கொள்பவனாக இருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டும் பொருந்தும்.

சிக்கல் வேறு இடத்தில். டாக்ஸ் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும்: இவர் நிரந்தரமாக, முழுமையாகச் செயல்திறன் இழந்தவரா? நம் ஆட்கள் அங்கேதான் தயங்குவார்கள். பையன் தானே சாப்பிடுகிறான், கம்ப்யூட்டர் பார்க்கிறான், ‘முழுமையாக’ என்று எப்படிப் போடுவது என்று மனசு கேட்காது. ஊரில் வாங்கிய சான்றிதழில் 60 சதவீதம் என்று வேறு இருக்கும். அங்கே வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய், 80 சதவீதத்துக்கு 1,25,000 என்று கழித்துப் பழகியவர்கள் நாம். இங்கே சதவீதக் கணக்கே இல்லை. அவனால் குறிப்பிடத்தக்க சம்பளத்துக்கு ஒரு வேலையில் நிற்க முடியுமா, முடியாத நிலை குறைந்தது ஒரு வருடமாவது நீடிக்கும் என்று டாக்டர் சொல்கிறாரா, அவ்வளவுதான் பார்ப்பார்கள்.

எனவே இங்குள்ள டாக்டரிடம் இந்த இரண்டையும் தெளிவாகச் சொல்லும் கடிதம் ஒன்று வாங்குங்கள். ‘ஆட்டிசம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால் போதாது. அதை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டாம், வீட்டு ஃபைலில் இருக்கட்டும். இங்குள்ள வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கேட்டால் அதுதான் காப்பாற்றும்.

பணம் எவ்வளவு வரும்? பெரிதாக நினைத்துவிடாதீர்கள். 2,200 டாலர் என்று எல்லோரும் பேசும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைக்காக வரியில் தரும் சலுகை) 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத்தான். அதில் இந்த விதிவிலக்கு இல்லை. உங்களுக்குக் கிடைப்பது 500 டாலர் கிரெடிட். ஆனால் புதிதாக வந்திருக்கிறீர்கள், சம்பளம் குறைவாக இருக்கலாம். அப்படியானால் குறைந்த சம்பளக்காரர்களுக்கான ஈ.ஐ.டி.சி. கிரெடிட்டைக் கட்டாயம் பாருங்கள். அங்கேயும் இவனுக்கு வயது தடையில்லை. 2025 வருடக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு 4,328 டாலர் வரை வரும். பெற்றோர், பிள்ளை எல்லோருக்கும் வேலை செய்யத் தகுதியான சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். இதைத் தெரியாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போய், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதற்கும் தனியாக ஒரு கிரெடிட் உண்டு.

டிபெண்டென்டாகக் காட்டினால் பின்னால் எஸ்.எஸ்.ஐ. (வசதி குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதாமாதம் தரும்) உதவித்தொகை கிடைக்காமல் போகும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அதைக் கெடுப்பது வேறு: அவன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் பணம் கிடந்தால் எஸ்.எஸ்.ஐ. நின்றுவிடும். பாட்டி ஆசையாகப் போட்ட பணமும் இதில் சேரும். சேமிக்க வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள ஏபிள் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்.

அப்புறம், அவன் எங்காவது சில மணி நேரம் வேலை செய்து டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் வந்தால் பயப்பட வேண்டாம், தனியாக ரிட்டர்ன் போடலாம். ‘என்னை வேறொருவர் டிபெண்டென்டாகக் காட்டலாம்’ என்ற கட்டத்தில் மட்டும் மறக்காமல் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் ரிட்டர்ன் மின்வழியில் ஏறாமல் திரும்பி வரலாம்.