யாரைப் போய் கேக்குறது?

ஐயா, நாங்க வியாசர்பாடில அஞ்சு ஃப்ரெண்ட்ஸ். ஒரு முற்போக்குக் கட்சியோட கொள்கை அறிக்கைல என்னென்ன இருக்கணும்னு எழுதிப் பாத்தோம், 27 பாயிண்ட் வந்துச்சு. மாநில உரிமை, ஜாதி ஒழிப்பு, பெண்களுக்கு பாதி சீட்டு, இலவச உயர்கல்வி, எண்ணூர் சுற்றுச்சூழல், ஏஐ கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. இதுல எது மொதல்ல வரணும்? கட்சிக்கு ஒரு நல்ல பேரும் சொல்லுங்க.

- ஒரு வாசகர்

தம்பி,

லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அஞ்சு பசங்க ராத்திரில உக்காந்து கொள்கை அறிக்கை எழுதுறீங்கன்றதே எனக்கு சந்தோஷம், அது வேற விஷயம். ஆனா 27 பாயிண்ட்லயும் தேடிட்டேன், 'கான்ட்ராக்ட்'ன்ற வார்த்தை ஒரு எடத்துல கூட இல்ல. வியாசர்பாடில இருந்துக்கிட்டு அது எப்படிப்பா உங்க கண்ணுல படாம போச்சு?

ஏஐ எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். பெண்களுக்கு பாதி சீட்டு, அதுல பேச என்ன இருக்கு, குடுக்க வேண்டியதுதான். எண்ணூர் பத்தி எழுதினது நல்லா இருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் வந்து முகத்துவாரத்துல மிதந்தப்ப மீனவங்கதானே பக்கெட்டும் மக்கும் வச்சு அள்ளினாங்க, அதை விட்டுடாதீங்க.

எங்கப்பா மில்லுல வேலை பாத்தவரு. சங்கு ஊதுனா தெருவே கெளம்பும். ஒரு தடவை மஞ்சக்காமாலைல ஒரு மாசம் படுத்துட்டாரு, ஈஎஸ்ஐ மருந்து, திரும்பிப் போனா அவரு எடம் அவருக்கு. மில்லு மூடினப்புறம் ஒரு கம்பெனில செக்யூரிட்டியாப் போனாரு, கான்ட்ராக்டர் மூலமா. யூனிஃபார்மை கேட் ரூம்லயே மாட்டிட்டு வருவாரு. மூணு நாள் ஜுரத்துல படுத்துட்டு நாலாவது நாள் போனா அவரு சேர்ல வேற ஒரு ஆளு. போட்டிருந்தது அப்பாவோட சட்டை, தோள்பட்டைல எங்கம்மா பச்சை நூல்ல தச்ச தையல் அப்படியே இருந்துச்சாம். கம்பெனில கேட்டா கான்ட்ராக்டரைக் கேளுன்னான், கான்ட்ராக்டரைக் கேட்டா கம்பெனில வேணாம்னுட்டாங்கன்னான். அப்பா சண்டை போடல. வீட்டுக்கு வந்து, "யாரைப் போய் கேக்குறது"ன்னு மட்டும் சொல்லிட்டு சாப்ட உக்காந்துட்டாரு.

1970ல வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்துல பத்தாவது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. வருஷம் பூரா நடக்குற வேலைக்கு கான்ட்ராக்ட் ஆள் வைக்கிறதை அரசாங்கம் தடை பண்ணலாம்னு எழுதினாங்க. பண்ணலாம். பண்ணணும்னு இல்ல. அந்த 'லாம்'லதான் எங்கப்பா மாதிரி ஆளுங்க வாழ்க்கையே போச்சு. உங்க அறிக்கையும் அப்படித்தான்பா இருக்கு, எல்லா வரியும் பரிசீலிக்கப்படும், ஊக்குவிக்கப்படும், உறுதி செய்யப்படும்னு முடியுது. யார் செய்வாங்க? எப்போ? செய்யலைன்னா யார் சட்டையைப் புடிக்கிறது? கோவப்படாத, எங்க காலத்துல நாங்களும் இப்படித்தான் எழுதினோம், அதனாலதான் கத்துறேன்.

1918ல மெட்ராஸ் லேபர் யூனியன்னு தொழிற்சங்கம் ஆரம்பிச்சப்ப பி.பி. வாடியா தலைவரு, திரு.வி.க. துணைத் தலைவரு. பெரம்பூர் மில்லு ஆளுங்கதான் அதுக்கு உயிரு. (அதே ஆளுங்க 1921 ஸ்ட்ரைக்ல ஜாதியால ரெண்டாப் பிரிஞ்சு புளியந்தோப்பு எரிஞ்ச கதையையும் படி, உன் ஜாதி ஒழிப்பு பாயிண்ட்டுக்கு அது இல்லாம அர்த்தமே இல்ல.) அந்த திரு.வி.க. பேரை சென்னை மாநகராட்சில ஒரு மண்டலத்துக்கு வச்சிருக்கோம். 2025ல அந்த மண்டலத்தோடயும் ராயபுரத்தோடயும் குப்பை வேலையைத் தனியாருக்குக் குடுத்தாங்க. வருஷக்கணக்கா பெருக்கினவங்க ஆகஸ்ட்ல மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்க, ராத்திரில போலீஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு. அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க. குப்பை என்ன தீபாவளிக்கு மட்டுமா விழுது? தெனம் விழுற குப்பைக்கு நிரந்தர ஆள் போடணும். இந்த 'ணும்'தான் உன் மொத பாயிண்ட்டு. மத்த 27ஐயும் கீழ வரிசைப்படுத்திக்கோ, எப்படி வேணா.

பேரு கேட்டிருந்தல்ல, அது அப்புறம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உங்க தெரு பெருக்குற அக்காகிட்ட, "உங்க முதலாளி யாரு"ன்னு கேட்டு எனக்கு எழுது. தெரியலைன்னு சொன்னாங்கன்னா அதையும் எழுது.